பெயர்ச்சீட்டு இல்லாத கேனில் வந்த "மருந்து": வெளிச்சுவர் கழுவ ஆள் அழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டின் வெளிச்சுவரைக் கழுவித் தருவதாக ஒப்புக்கொண்டு வந்த ஒருவர், பெயர்ச்சீட்டே இல்லாத வெள்ளைக் கேனில் கொண்டுவந்த திரவத்தைச் சுவர் முழுவதும் அடித்து, முகப்பில் பதித்திருந்த சுண்ணாம்புக்கல்லின் மெருகையும் சன்னல்களின் அலுமினியச் சட்டங்களையும் இனிச் சரிசெய்ய இயலாதபடி கெடுத்துவிட்டார். அதைவிடக் கொடுமை, இரண்டாம் நாள் காலையில் அவர் செய்த ஒரு காரியத்தால் என் தந்தையை மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. அவர் யார் என்பதை எழுதப்போவதில்லை. அவரைப் போலவே வேலை செய்பவர்கள் பலர் இருப்பதால், நடந்ததையும், அதன் பிறகு நான் தேடிப் படித்தும் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதையும் முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

எங்கள் சுவரில் மூன்று வகையான கறைகள் இருந்தன. வெயில் படாத பக்கத்தில் பச்சையும் கருப்புமாகப் பாசி படர்ந்திருந்தது. தரையை ஒட்டிய அடிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சன்னல் கம்பிகளுக்குக் கீழே துருநீர் வழிந்து பழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. வந்தவர் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாக் கறைக்கும் ஒரே மருந்துதான் ஐயா, அடித்துப் பத்து நிமிடம் விட்டுத் தண்ணீர் பீச்சினால் போதும்" என்றார். மருந்து என்ற சொல்லில் நான் ஏமாந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பூச்சிக்கு மருந்து, வயலுக்கு மருந்து, சுவருக்கு மருந்து என்று எதையும் அந்த ஒரு சொல்லால் குறிக்கும் பழக்கம் நமக்கு இருப்பதால், அது என்ன பொருள், எத்தனை சதவீதம் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

திரவம் முகப்புக் கல்லில் பட்டதும் சீறிக்கொண்டு நுரைத்தது. அழுக்கு கழன்று வருவதால் நுரைக்கிறது என்று அவர் விளக்கம் சொன்னார், நானும் நம்பினேன். உண்மையில் அங்கே கரைந்துகொண்டிருந்தது அழுக்கு அன்று, கல்லேதான். சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. கேனில் இருந்தது என்று பிறகு தெரியவந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அவற்றின் மீது பட்டால் கரியமில வாயு குமிழியாக வெளியேறும், எஞ்சுவது நீரில் கரைந்து ஓடிவிடும் கால்சியம் குளோரைடு. சிமெண்டுப் பூச்சுக்கும் இதே கதிதான்: மேலே மணலைப் பிடித்துவைத்திருக்கும் சிமெண்டுப் பால் அரிக்கப்பட்டு, மணல் வெளியே தெரியும்படி சுவர் சொரசொரப்பாகிவிடும். அப்படிச் சொரசொரப்பான சுவர் முன்பைவிட அதிகமாக ஈரத்தையும் தூசியையும் பிடித்துவைப்பதால், பாசி முன்பைவிட விரைவாகத் திரும்பி வரும். கழுவிய அன்று மாலையில் சுவர் வெளுத்துப் பளிச்சென்று தெரிந்ததைக் கண்டு நான் மகிழ்ந்தது இன்றும் மனத்தை வருத்துகிறது. அந்த வெளுப்பு, சுவரின் மேல்தோல் உரிந்ததால் வந்த வெளுப்பு.

உப்புப் பூத்த இடத்திலும் அதே திரவத்தைத்தான் அடித்தார். சுவருக்குள் ஈரம் ஏறி, உள்ளே இருக்கும் உப்புகளைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, நீர் ஆவியானதும் உப்பை மட்டும் மேற்பரப்பில் விட்டுச் செல்வதே உப்புப் பூத்தல். பெரும்பாலும் அதை உலர்ந்த நிலையிலேயே தூரிகையால் தேய்த்துத் தட்டிவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை அடைப்பதுதான் முறை. அமிலத்தை ஊற்றிச் சரியாகக் கழுவாமல் விட்டால், குளோரைடு என்ற புதிய உப்பையும் சுவருக்குள் நாமே செலுத்துகிறோம். எங்கள் அடிச்சுவரில் முன்பு கை அகலத்துக்கு இருந்த வெள்ளைப் படிவு இப்போது முழங்கால் உயரம் வரை வந்திருக்கிறது. துருக்கோடுகள் மட்டும் அன்று மறைந்தன, ஆனால் அமிலம் கம்பியின் பூச்சையும் தின்றுவிட்டதால் சில நாள்களிலேயே அதே இடத்தில் புதுத் துரு வழியத் தொடங்கியது.

உலோகங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியச் சட்டங்கள் சாம்பல் திட்டுகளாக மங்கிவிட்டன. படிக்கட்டின் துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடியில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், குளோரைடு அதன் காப்புப் படலத்தைத் துளைத்துவிடும். துத்தநாகம் பூசிய தகடும் குழாயும் இதைவிட வேகமாக அரிபடும். அமிலம் மட்டும்தான் எதிரி என்று எண்ணிவிடவும் கூடாது. எண்ணெய்ப் பிசுக்குக்காக விற்கப்படும் கடுங்காரத் திரவங்களில் இருக்கும் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அலுமினியத்தை அமிலத்துக்குச் சற்றும் குறையாமல் அரிக்கக்கூடியது.

இனி அந்த இரண்டாம் நாளுக்கு வருகிறேன். பாசி இருந்த பக்கத்தில் கருப்புத் திட்டுகள் அப்படியே நின்றதைக் கண்டு, அவர் மறுநாள் வேறொரு கேனைக் கொண்டுவந்தார். அது குளோரின் வாடை வீசும் பிளீச்சிங் திரவம், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். முதல் நாள் அமிலம் கலந்த அதே வாளியைக் கழுவாமல், அடியில் எஞ்சியிருந்ததோடு சேர்த்து அதை ஊற்றினார். ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு உடனே பிரியும். மஞ்சளும் பச்சையும் கலந்த புகை வாளியிலிருந்து பொங்கியது. குளோரின் காற்றைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்துபோகாமல் தரையை ஒட்டியே பரவும். தரைத்தளத்தில் திறந்திருந்த சன்னலுக்கு அருகே படுத்திருந்த என் தந்தைக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. இருமல் சத்தம் கேட்டு நான் உள்ளே ஓடியபோது அவரால் பேச முடியவில்லை.

அவரைக் காற்று வரும் திசையில் மேட்டுப் பகுதிக்குக் கொண்டுசென்று, கண்களைத் தொடர்ந்து நீரால் கழுவி, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ரசாயனம்?" என்பது. என்னிடம் விடை இல்லை. கழுவ வந்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். இரண்டாவது கேன் பிளீச்சிங் என்று சொன்னவர், முதல் கேனில் இருந்தது என்னவென்று தமக்கே தெரியாது என்றும், தமக்கு விற்பவர் கலந்து தருவதை அடிப்பது மட்டுமே தம் வேலை என்றும் சொன்னார். நாள்தோறும் வெறுங்கையால் அந்தத் திரவத்தைத் தொட்டு, முகமூடி இல்லாமல் அதன் ஆவியைச் சுவாசித்து வேலை செய்த மனிதருக்கே அதன் பெயர் தெரியவில்லை என்பது அவர்மீது எனக்கிருந்த கோபத்தையும் தாண்டி என்னைத் திகைக்க வைத்தது. குளோரினைச் சுவாசித்தவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் நேரலாம் என்பதால் தந்தையை அன்றிரவு அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். அவர் நலமாகத் திரும்பினார், ஆனால் இருமல் அடங்க மூன்று வாரம் ஆயிற்று.

இழப்பீடு பற்றிக் கேட்டபோது, கல்லின் தரம் குறைவு என்றும், அலுமினியம் பழையது என்றும், கேனை மாற்றி வைத்தது உதவியாளர் என்றும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொன்னார். எந்த மருந்து, எந்தப் பரப்பில், எந்த அளவில் என்று எழுத்தில் எதுவும் வாங்கியிருக்கவில்லை; கழுவுவதற்கு முன் சுவர் எப்படியிருந்தது என்பதற்கு ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. ஆகவே என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

அவர் விட்டுச்சென்ற முதல் கேனில் கொஞ்சம் திரவம் எஞ்சியிருந்தது. வேதியியல் படித்த நண்பர் ஒருவர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து சோதித்துப் பார்த்து, அது கடுமையான அமிலம் என்றும், மூக்கைத் துளைக்கும் ஆவியையும் மற்றச் சோதனைகளையும் வைத்துப் பார்த்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்றும் சொன்னார். அவர் அதற்கும் முன்பாகச் சன்னல் கண்ணாடிகளைத்தான் உற்றுப் பார்த்தார். செங்கல் கழுவவும் துரு நீக்கவும் விற்கப்படும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். அவை கண்ணாடியையே அரித்து மங்கலாக்கிவிடும். தோலில் பட்டால் அதைவிட ஆபத்து. நீர்த்த கரைசல் என்றால் உடனே வலிக்காது, பல மணி நேரம் கழித்தே வலி தொடங்கும், அதற்குள் ஃபுளோரைடு உள்ளே ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைத்துவிடும், இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். அதற்கான முதலுதவியாகிய கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கையிருப்பில் இல்லாமல் எவரும் அதைத் தொடவே கூடாது. எங்கள் கண்ணாடிகள் தெளிவாகவே இருந்தன என்பதில் கிடைத்த ஆறுதல் சிறிதன்று.

பாசி இருந்த பக்கத்தைப் பிறகு நானே அந்த நண்பரின் துணையோடு கழுவினேன். பாசியும் பூஞ்சையும் உயிர்கள். அவற்றைக் கொன்றால்தான் கறை போகும், சுரண்டினால் போதாது. சுவரில் ஆரஞ்சு நிறத்தில் படரும் கறையைக்கூடப் பலர் துரு என்று நினைத்து அமிலம் அடிக்கிறார்கள். அது டிரென்டிபோலியா என்னும் ஒருவகைப் பாசியாக இருக்கலாம். பாசிக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் சரியான தேர்வுதான், ஆனால் சுவருக்கு 0.5 முதல் 1 சதவீதம் வரையிலான கரைசலே போதும். 12 சதவீதத் திரவம் என்றால் ஒரு பங்குக்குப் பதினொரு பங்கு தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம் ஆகும். வெயிலிலும் வெப்பத்திலும் அதன் வீரியம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும் என்பதால், பழைய கேனின் மேல் எழுதியிருக்கும் சதவீதத்தை நம்பிக் கணக்குப் போட முடியாது. வழிந்தோடாமல் சுவரில் ஒட்டி நிற்க, ஹைப்போகுளோரைட்டோடு சேர்க்கத் தக்கது என்று குறிக்கப்பட்ட சோப்புத் திரவத்தைச் சிறிது சேர்த்து, கீழிருந்து மேலாக அடித்து, பத்து நிமிடத்துக்குள், காய்வதற்கு முன்பே, மேலிருந்து கீழாகக் கழுவினோம். அமிலமோ அம்மோனியாவோ உள்ள எதையும் அதன் அருகே கொண்டுவரவில்லை. அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு ஆவி வரும். செடிகளை முன்னரே நன்றாக நனைத்து வைத்து, வேலை முடிந்ததும் மறுபடி கழுவிவிட்டோம். மின்செருகிகளையும் உலோகங்களையும் மூடி வைத்தோம். உயர் அழுத்தப் பீச்சி தேவைப்படவே இல்லை. மருந்து தன் வேலையைச் செய்தால் தோட்டக்குழாய் நீரே போதும். அழுத்தம் கூடினால் நீர் விரிசல்கள் வழியாகச் சுவருக்குள் ஏறும்.

துருக்கோட்டுக்கு ஹைப்போகுளோரைட் உதவாது, சில வேளைகளில் கறையை இன்னும் அழுத்தமாக்கிவிடும். அதற்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பயன்படும் என்றாலும், அது விழுங்கினால் நஞ்சு, சுண்ணாம்புக்கல்லோடும் வினைபுரியும். சுண்ணாம்புக்கல்லுக்கும் பளிங்குக்கும் எந்த அமிலமும் ஆகாது, வினிகரும் எலுமிச்சைச் சாற்றின் அமிலமும் உட்பட. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச் அளவு நடுநிலையான 7-ஐ ஒட்டிய மென்மையான சோப்புத் திரவமும் மென்மையான தூரிகையும் மட்டுமே அவற்றுக்கு ஏற்றவை. பி.எச் அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். ஆகவே 4 என்றும் 2 என்றும் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிறிய வேறுபாடுதானே என்று நினைக்க வேண்டாம், அது நூறு மடங்கு. மரப்பலகைக்குச் சோடியம் பெர்கார்பனேட் நல்லது. அது நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிகிறது.

இப்போது சுவர் கழுவ எவர் வந்தாலும் நான் முதலில் கேட்பது பாதுகாப்புத் தரவுத்தாள். பன்னாட்டு முறைப்படி அதில் 16 பகுதிகள் இருக்கும். மூன்றாம் பகுதியில் என்னென்ன பொருள்கள், எத்தனை சதவீதம் என்பதும், எட்டாம் பகுதியில் அணிய வேண்டிய பாதுகாப்புக் கருவிகளும், பத்தாம் பகுதியில் எவற்றோடு சேரக்கூடாது என்பதும் இருக்கும். வணிகப் பெயர் எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியாகத் தரப்படும் சி.ஏ.எஸ் எண்ணைப் பார்த்தால் பொருள் தெரிந்துவிடும்: 7647-01-0 என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 7681-52-9 என்றால் சோடியம் ஹைப்போகுளோரைட், 7664-39-3 என்றால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அந்தத் தாள் இல்லை, அது தொழில் ரகசியம் என்று சொல்பவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன். தாள் இருந்தாலும், கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அளவு இடத்தில் அடித்துப் பார்க்கச் சொல்கிறேன். ஈரத்தில் எந்தப் பரப்பும் நன்றாகவே தெரியும் என்பதால், அந்த இடம் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே பார்த்து ஒப்புதல் தருகிறேன்.

முகப்புக் கல்லைப் பார்த்த கல்வேலைக்காரர், இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றலாம், ஆனால் ஓரங்களில் அரிபட்ட குழிகள் போகா என்று சொல்லியிருக்கிறார். எஞ்சிய அமிலத்தை நாங்கள் வடிகாலில் ஊற்றவில்லை. கேனின் மேல் அதில் இருப்பது இன்னதென்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, பிளீச்சிங் இருக்கும் இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப் பூட்டி வைத்து, ஆபத்தான கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைத்துவிட்டோம்.