ஹட்டன் டவுனில் பழைய கார் அம்ப் ரிப்பேர்: எதற்கு நம்பிக் கொடுக்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள இந்தச் சின்னக் கடையில் டீவியும் சார்ஜரும் குவிந்து கிடந்தாலும், முதலாளி பாஸின் கை தேர்ந்தது ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் கார் அம்பில்தான். டொல்பின் (பழைய டொயோட்டா ஹையேஸ்) வேன்களின் சீட்டுக்கு அடியில் இன்னமும் பாடிக்கொண்டிருக்கும் தொண்ணூறுகளின் கனமான ஏபி கிளாஸ் அம்ப்களுக்கு இது நல்ல இடம். பவர் சப்ளை வேலைக்கு முழு மார்க்ஸ். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் பக்கத்துக்குப் பாதிதான்.

பியூஸ் போட்டவுடனே போகிறதென்றால் பெரும்பாலும் பவர் சப்ளை மொஸ்ஃபெட் (கரண்ட்டை வேகமாக விட்டு வெட்டும் ட்ரான்ஸிஸ்டர்) ஷோர்ட். ஒன்றே ஒன்று செத்திருந்தாலும் இங்கே இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கழற்றி, ஒரே லொட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) வந்த ஐஆர்எஃப்இசட்44என் மொஸ்ஃபெட்டுகளைப் போடுகிறார்கள். பழையதும் புதியதும் கலந்தால் கரண்ட் சமமாகப் பிரியாது, அதனால் இதுதான் முறை. அதைவிட முக்கியம் கேட் (மொஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கால்) ரெசிஸ்டர். ஷோர்ட் ஆன மொஸ்ஃபெட் 12 வோல்ட்டை கேட் வழியாகத் திருப்பி அடிக்கும்போது அந்த 47 அல்லது 100 ஓம் ரெசிஸ்டரும் அதன் பின்னாலுள்ள டிரைவர் ட்ரான்ஸிஸ்டரும் சேர்ந்தே போகும். மொஸ்ஃபெட்டை மட்டும் மாற்றிக் கொடுக்கிற கடைகளில் அம்ப் திரும்பத் திரும்ப வெடிப்பது இதனால்தான். இங்கே மொஸ்ஃபெட் பூட்டுவதற்கு முன்பே மொஸ்ஃபெட்டுகளை இயக்கும் டிஎல்494 ஐசியின் 9ஆம், 10ஆம் கால்களில் சதுர அலை ஒழுங்காக வருகிறதா என்று ஸ்கோப்பில் (அலையை வரைந்து காட்டும் கருவியில்) பார்க்கிறார்கள். முதல் தடவை கரண்ட் கொடுப்பதும் பிரேக் லைட்டின் 21 வொட் பல்ப் வழியாகத்தான். பல்ப் ஒரு தடவை மின்னி மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தோடு நின்றால் எங்கேயோ ஷோர்ட் இன்னும் இருக்கிறது.

கப்பாசிட்டர் விஷயத்தில் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கையில் இருக்கிற 85 டிகிரி சாதாரண ரகம் போய்விடும். உள்வரும் பக்கத்து 3300 மைக்ரோ 16 வோல்ட், ரெயில் (உயர்த்திய வோல்ட் போகும்) பக்கத்து 2200 மைக்ரோ 50 வோல்ட் இரண்டும் 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) ரகமாக இருக்க வேண்டும். பத்து டிகிரி சூடு குறைந்தால் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். உள்ளே திரவம் காய்ந்து ஈஎஸ்ஆர் ஏறிய கப்பாசிட்டர் மீற்றரில் அளவு சரியாகவே காட்டலாம், ஆனால் மொஸ்ஃபெட்டைச் சூடாக்கிக் கொன்றுவிடும். மூடிக்கு அடியில் இடம் போதுமா என்று உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன எஸ்எம்டி (போர்டின் மேலேயே ஒட்டும்) கப்பாசிட்டர்கள் கசிந்த போர்டுகளை இந்தக் கடை நன்றாகக் கையாள்கிறது. அயன் பட்டதும் மீன் கவிச்சி அடித்தால் கசிவு நிச்சயம். அந்தத் திரவம் செப்புக் கோட்டைத் தின்னும். நுவரெலியா, நானுஓயா பக்கத்து ஈரத்தில் அது மின்சாரத்தையும் கடத்தி, ஸ்பீக்கரில் சரசர சத்தம் வைக்கும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, அறுந்த கோட்டுக்கு மெல்லிய வயரால் பாலம் போடுகிறார்கள். மேலே பச்சை வார்னிஷ் பூசி மறைக்கும் வேலை இல்லை.

குறை அவுட்புட் பக்கத்தில். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற அவுட்புட் ட்ரான்ஸிஸ்டர்கள் இரண்டிலும் போலி மலிந்து கிடக்கிறது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ட்ரான்ஸிஸ்டருக்கு அடியிலுள்ள பழைய மைக்காத் தகட்டைத் துடைத்து, சூடு கடத்தும் வெள்ளைப் பேஸ்ட் புதிதாகப் பூசச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பழையதன் மேலேயே திருகிவிடுகிறார்கள். பயஸ் செட்டிங்கையும் (பாட்டு இல்லாதபோது ஓடும் சிறு கரண்ட்டை அளவாக வைப்பது) அவசரமாகச் செய்கிறார்கள்: மலைக் குளிரில் அம்ப் ஜில்லென்று இருக்கும்போதே திருகி முடித்தால், அதே செட்டிங்கில் சூடேறியதும் கரண்ட் கூடும். முதலில் பிரிசெட்டை (பயஸைக் கூட்டிக் குறைக்கும் திருகை) குறைந்தபட்சத்தில் வைத்து, ஸ்பீக்கரும் சிக்னலும் இல்லாமல் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். அதன் பிறகு எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம் என்றால் அதற்குக் குறுக்கே சுமார் 5 மில்லிவோல்ட், அதாவது 23 மில்லிஅம்பியர் அளவில் வைக்கலாம். ஸ்பீக்கர் முனையில் டீசி 50 மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். பொருளை எடுக்கும்போது இந்த இரண்டையும் மீற்றரில் காட்டச் சொன்னால் பாஸ் முகம் சுளிப்பதில்லை.

கிளாஸ் டி (D) ரக சின்ன அம்ப் போர்டுகளை இங்கே எடுப்பதில்லை. அதற்கு வீண் நடை நடக்க வேண்டாம்.

வேனில் திரும்பப் பூட்டும்போது வயரையும் பாருங்கள். பெற்றரியிலிருந்து பின்பக்கம் ஐந்து மீற்றர் என்றால், 8 கேஜ் சுத்தச் செப்பிலேயே 40 அம்பியருக்கு 0.4 வோல்ட் விழும். செப்புப் பூசிய அலுமினியம் என்றால் அதைவிட ஒன்றரை மடங்கு. கடைக்குப் போகும்போது பேஸ் (தாழ்ந்த ஒலி) அளவைக் கூட்டிக் குறைக்கும் ரிமோட் குமிழையும் எரிந்த பழைய பியூஸையும் கூடவே எடுத்துப் போங்கள். 30 அம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 60 போட்டிருந்தால், போர்டில் எந்தக் கோடு வெந்திருக்கும் என்பதை அந்த பியூஸைப் பார்த்தே தேடத் தொடங்குகிறார் முதலாளி.