சஃபாரிலேண்ட் 7378: நிற்கும்போது ஒன்று, ஸ்டியரிங் முன்னால் வேறொன்று

இடுப்பு பெல்ட்டுக்கு வெளியே மாட்டும் ஹோல்ஸ்டரை, அதாவது துப்பாக்கி உறையை, கடைக் கண்ணாடி முன்னால் நின்றபடி போட்டுப் பார்த்துத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். அப்படிப் பார்த்தால் சஃபாரிலேண்ட் 7378-இல் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அமெரிக்காவில் துப்பாக்கி வெளியே தெரிய மாட்டிக்கொண்டு போகிறவர் நடப்பதைவிட ஓட்டுவதுதான் அதிகம். சீட் பெல்ட் போட்டு, வலது பக்கம் கன்சோல் (முன் சீட்டுகளுக்கு நடுவே உள்ள பெட்டி) நெருக்கும்போது இதே ஹோல்ஸ்டர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

அதற்கு முன்னால், வாங்கப் போகிறவர் தன் விசாவைப் பார்த்துக்கொள்ளட்டும். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்கக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் ஓட்டும்போது "கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று கொடுத்ததை வாங்கிக்கொண்டாலும் சட்டத்தின் கண்ணில் அது வைத்திருப்பதுதான்.

7378 நைலான் கலவையில் வார்த்தது. மைனஸ் 50 முதல் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வடிவம் மாறாது என்று நிறுவனம் சொல்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கிடந்த மெல்லிய கைடெக்ஸ் (ஒருவகை பிளாஸ்டிக் தகடு) ஹோல்ஸ்டர்கள் வளைந்துபோவது உண்டு. இதில் அந்தக் கவலை குறைவு. பெட்டியில் பேடில் (இடுப்புப் பட்டிக்குள் செருகும் அகன்ற தகடு), பெல்ட் லூப் (பெல்ட்டைக் கோக்கும் வளையம்) இரண்டும் வரும். காருக்கு பேடிலை ஒதுக்கிவிட்டு லூப்பைப் போடுங்கள். உட்காரும்போது இடுப்புப் பட்டி மடங்குகிற இடத்தில்தான் பேடிலின் தகடு நிற்கிறது. அரை மணி நேர ஓட்டத்தில் அது இடுப்பெலும்பில் குத்த ஆரம்பிக்கும், இறங்கும்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டும் நிற்கும். லூப்புக்கு ஒன்றரை அங்குல அகலத்தில் விறைப்பான பெல்ட் வேண்டும். சட்டைக்குப் பொருத்தமாகப் போடும் மெல்லிய பெல்ட்டில் ஹோல்ஸ்டர் வெளிப்பக்கம் சாய்ந்து கன்சோலில் உரசும்.

இதன் பலம் ஏஎல்எஸ் எனப்படும் தானியங்கிப் பூட்டு. துப்பாக்கியை உள்ளே தள்ளியதும், காலித் தோட்டா வெளியேறும் ஜன்னலை ஒரு கொக்கி தானாகப் பிடித்துக்கொள்ளும். விடுவிக்கும் நெம்புகோல் உடம்பை ஒட்டி, குறிபார்க்கும் பின் சைட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிடியை முழுக் கையாலும் பற்றினால் கட்டைவிரல் தானாக அங்கே போகும். பின்னால் இழுத்தால் திறக்கும். ஆள்காட்டி விரலுக்கு இதில் வேலையே இல்லை. ஆள்காட்டி விரலால் அமுக்கித் திறக்கும் ஹோல்ஸ்டர்களைப் பல பயிற்சிப் பள்ளிகள் வகுப்புக்குள் விடுவதில்லை. பதற்றத்தில் அமுக்குகிற விரல் வளைந்தபடியே வந்து நேராக ட்ரிகரில் விழும் என்பதுதான் காரணம். நெருக்கமான சீட்டில் இந்த அபாயம் இன்னும் கூடும்.

வெறும் உராய்வில் நிற்கும் ஹோல்ஸ்டர் காரில் ஏன் தோற்கிறது? பக்கவாட்டு மேடு உயர்ந்த பக்கெட் சீட்டில் உட்கார்ந்தால் ஹோல்ஸ்டரின் அடிமுனை சீட்டில் முட்டி, முழுவதும் மேலே எழும்பும். ஐந்து அங்குலக் குழல் என்றால் கட்டாயம் முட்டும். நான்கு அங்குலம் வரை பெரும்பாலும் தப்பிக்கும். எழும்பிய துப்பாக்கியின் பிடியில் சீட் பெல்ட்டின் நாடா மாட்டுகிறது. இறங்கும் அவசரத்தில் பெல்ட் சுருங்கி ஓடும்போது பிடியையும் சேர்த்து இழுக்கும். உராய்வு மட்டும் இருந்தால் துப்பாக்கி பாதி வெளியே வந்து நிற்கும், சில சமயம் சாலையிலேயே விழும். ஏஎல்எஸ் இருந்தால் இழுபடும், ஆனால் வெளியே வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே காருக்குப் பூட்டுள்ள ஹோல்ஸ்டரைத்தான் சிபாரிசு செய்ய முடியும்.

குறையும் இதே இடத்தில்தான். ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள காரில் சீட் பெல்ட்டின் பக்கிள் ஓட்டுநரின் வலது இடுப்பில் வருகிறது. வலக்கைக்காரரின் துப்பாக்கியும் அங்கேதான். பக்கிளின் சிவப்புப் பொத்தானைத் தேடும் கட்டைவிரலுக்கும் ஏஎல்எஸ் நெம்புகோலுக்கும் இடையே சில அங்குலம்தான் தூரம். ஹோல்ஸ்டரைக் கடிகார முள் கணக்கில் (தொப்புள் பன்னிரண்டு, வலது இடுப்பு மூன்று) மூன்று மணியிலிருந்து மூன்றரைக்கு நகர்த்தினால் பக்கிள் முன்னால் தனியாக நிற்கும். நான்கைத் தாண்டினால் சீட்டின் முதுகு முட்டி, நிமிர்ந்து உட்கார முடியாது. சீட் பெல்ட்டின் இடுப்புப் பகுதியான லாப் பெல்ட் எப்போதும் துப்பாக்கிக்கு அடியில், இடுப்பெலும்பை ஒட்டிப் போக வேண்டும். மேலே போட்டால் விபத்தில் அந்த உலோகம் முழுவதும் வயிற்றுப் பக்கவாட்டில் அழுந்தும். தோட்டா நிரம்பிய க்ளாக் 19 கைத்துப்பாக்கி ஏறத்தாழ 850 கிராம்.

சட்டை முனை சின்ன விஷயம் மாதிரி தெரியும். உட்கார்ந்தபடி துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது சுருண்ட சட்டைத் துணியோ ஜாக்கெட்டின் கயிற்று முனையோ ஹோல்ஸ்டர் வாய்க்குள் போனால் அதுவே ட்ரிகரை அழுத்தும்; குழலோ தொடையையும் சீட்டையும் பார்த்தபடி இருக்கும். சீட்டில் உட்கார்ந்து செருகவே கூடாது. இறங்கி, நின்று, கண்ணால் பார்த்துச் செருகுங்கள்.

இங்கேதான் ஹோல்ஸ்டரைச் சட்டென்று கழற்றி மாட்ட உதவும், அதே நிறுவனத்தின் க்யூஎல்எஸ் துணைப்பாகம் பயன்படுகிறது. 7378-இன் முதுகில் உள்ள மூன்று துளைகளில் லூப்புக்குப் பதில் கவை போன்ற ஒரு பாகத்தைத் திருகலாம். அதை ஏற்கும் தகடு ஒன்று பெல்ட்டில், இன்னொன்று காரில். கவையின் பூட்டை விடுவித்து, அதன் இரு பக்கங்களையும் அழுத்தி மேலே தூக்கினால் துப்பாக்கி உள்ளே இருக்க ஹோல்ஸ்டர் மொத்தமாகக் கழன்று வரும். அப்படியே காரின் தகட்டில் அமர்த்தலாம். ட்ரிகர் ஒரு நொடிகூடத் திறந்த வெளிக்கு வராது. அதற்கான விலை, பெல்ட்டில் மாட்டும்போது துப்பாக்கி உடம்பைவிட்டு இன்னும் கொஞ்சம் விலகி நிற்பதுதான். அகலமான பிக்கப்பில் தெரியாது, சின்ன செடானில் நிச்சயம் தெரியும்.

காருக்குள் தகட்டை எங்கே பதிப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் முழங்கால் ஏர்பேக் இருக்கலாம். அது வெடித்தால் துப்பாக்கி எறிகல்லாக மாறும். சீட் முதுகின் கதவுப் பக்கத்தில் பக்கவாட்டு ஏர்பேக். மிச்சம் கன்சோலின் ஓட்டுநர் பக்கச் சுவர். அங்கேயும் வெறும் பிளாஸ்டிக்கில் திருகினால் பலத்த மோதலில் திருகோடு பிய்ந்துவரும். உள்ளே உலோகச் சட்டம் கிடைக்கிற இடத்தில் போல்ட் போட்டு, பின்பக்கம் அகன்ற வாஷர் வையுங்கள். குழல் முன்பக்கத் தரையைப் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும் காலைப் பார்க்கக் கூடாது. முதலில் பயிற்சிக்கான பிளாஸ்டிக் பொம்மைத் துப்பாக்கியைச் செருகி, காலி மைதானத்தில் நாலு தடவை சடன் பிரேக் போட்டுப் பாருங்கள்.

துப்பாக்கியை நேரடியாக ஒட்டி நிறுத்தும் காந்தத் தகடு மலிவு, பதிப்பதும் எளிது. ஆனால் ட்ரிகர் மூடாமல் கிடக்கும், மோதலில் பறக்கும். டெக்சஸில் அது சட்டத்துக்கும் போதாது. 2021 செப்டம்பர் 1 முதல் அங்கே 21 வயதான, தடையில்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். காரில் வெளியே தெரிகிறபடி இருந்தால் ஹோல்ஸ்டருக்குள் இருக்க வேண்டும். காந்தம் ஹோல்ஸ்டர் ஆகாது. தோளில் மாட்டும் கிடைமட்ட வகைக்கும் காரில் இடமில்லை. குழல் பின் சீட்டில் இருக்கும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மாநில எல்லை தாண்டும்போது ஹோல்ஸ்டர் மாறாது, அதற்கான சட்டம் மாறும். பென்சில்வேனியாவில் பெரும்பாலான இடங்களில் லைசென்ஸ் இல்லாமல் வெளிப்படையாக மாட்டிக்கொண்டு நடக்கலாம் என்பதை நம்பி அப்படியே காரில் ஏறியவுடன் குற்றமாகிவிடும். வண்டிக்குள் லைசென்ஸ் வேண்டும். மிச்சிகனிலும் அதே கதை, காருக்குள் வெளியே தெரிந்தாலும் பெர்மிட் தேவை. வாஷிங்டன் மாநிலத்தில் தோட்டா போட்ட துப்பாக்கிக்கு அப்படித்தான். வட கரோலினாவில் சிக்கல் வேறு மாதிரி: தெரிந்தால் சரி, மறைந்தால் பெர்மிட் வேண்டும். வலது இடுப்பில் 7378, அதன்மேல் சட்டை மடிப்பு, பக்கத்தில் கன்சோல். ஜன்னலில் குனியும் போலீஸ்காரருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெருவில் வெளிப்படையாக இருந்தது சீட்டில் மறைந்ததாகிவிடுகிறது. பெர்மிட் இல்லாமல் அங்கே இந்த ஹோல்ஸ்டரோடு ஓட்டுவது வம்பு.

பள்ளிக்கூடம் இன்னொரு கண்ணி. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் தோட்டா போட்ட துப்பாக்கியோடு போவதற்குக் கூட்டரசுச் சட்டம் தரும் முக்கிய விலக்கு, அந்த மாநிலம் கொடுத்த லைசென்ஸ். லைசென்ஸே தேவையில்லை என்று மாநிலம் சொன்னது அந்த விலக்கைத் தராது. ஊருக்குள் ஓட்டினால் அந்த 1,000 அடியைத் தவிர்க்கவே முடியாது. ஆகையால் கட்டாயமில்லாத மாநிலத்திலும் லைசென்ஸ் எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

போலீஸ் நிறுத்தினால் எஞ்சினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலே வையுங்கள். டிரைவர் லைசென்ஸ் வலது பின் பாக்கெட்டில் இருந்தால் அதை எடுக்கப் போகும் கை துப்பாக்கியைத் தாண்டித்தான் போக வேண்டும். சன் வைசரில் வைப்பது நல்லது. மிச்சிகனில் துப்பாக்கி இருப்பதைக் கேட்காமலே உடனே சொல்ல வேண்டும். சொல்லும்போது "துப்பாக்கி" என்ற சொல்லில் தொடங்காமல், லைசென்ஸ் இருப்பதை முதலில் சொல்லி, எங்கே இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டை நீங்களாகக் கழற்ற வேண்டாம். அந்தக் கை போவது வலது இடுப்புக்கு. 2016-இல் மினசோட்டாவில் போலீஸ் காரை நிறுத்தியபோது ஃபிலாண்டோ காஸ்டில் என்பவர் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொன்ன பிறகுதான் போலீஸ்காரரால் சுடப்பட்டார். சரியாகச் சொல்வது ஆபத்தைக் குறைக்கும், நீக்காது.

டெக்சஸில் வாசலில் 30.07 பலகை (வெளிப்படையாகத் துப்பாக்கியோடு வருவதைத் தடுக்கும் அறிவிப்பு) இருந்தால் லைசென்ஸ் உள்ளவரும் வெளிப்படையாக உள்ளே போக முடியாது. அப்போது துப்பாக்கி காரில்தான் தங்கும். கன்சோல் தகட்டில் அப்படியே விட்டுப் போவது திருடனுக்கு வைத்த விருந்து. ஏஎல்எஸ் திருட்டுப் பூட்டு அல்ல, கட்டைவிரல் உள்ள யாரும் திறக்கலாம். 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் கவனக்குறைவால் சிக்கினால் அங்கே அதுவே தனிக் குற்றம். தரையில் போல்ட் போட்ட எஃகுப் பெட்டி வேண்டும். கேபிளால் சீட் காலில் கட்டும் சின்னப் பெட்டியின் கம்பியை போல்ட் கட்டர் சட்டென்று அறுத்துவிடும். க்யூஎல்எஸ் கவையோடு 7378 பருத்துவிடுவதால் பெட்டி வாங்கும் முன் ஹோல்ஸ்டரோடு அளந்துகொள்ளுங்கள். துப்பாக்கியை மட்டும் உருவி வைக்க வேண்டி வந்தால் க்யூஎல்எஸ் வாங்கியதே வீண்.

ஆர்டர் செய்யும்போது துப்பாக்கியின் மாடலும் கையும் சரியாக இருக்கட்டும். குழலுக்கடியில் லைட் மாட்டிய துப்பாக்கிக்கு அச்சு வேறு. வந்ததும் கவையின் மூன்று திருகுகளிலும் நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள். காரின் அதிர்வில் முதலில் தளர்வது இந்தத் திருகுகள்தான்.