‘எக்ஸ்எஃப் டீடெய்ல்ஸ்’: அடிபட்ட 1911 ரூபாய்க்கு ஸ்லாப் தேறுமா?

காசைச் சோதித்துத் தரம் போடும் நிறுவனங்கள் அதை மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டிதான் ஸ்லாப். அதன் லேபிளில் ‘எக்ஸ்எஃப் டீடெய்ல்ஸ், ஸ்கிராட்ச்டு’ என்று இருந்தால், காசு அசல், தேய்மானம் எக்ஸ்எஃப் (லேசாக மட்டும் தேய்ந்த) அளவில் நிற்கிறது, ஆனால் கீறல் இருப்பதால் எண் கொடுக்கவில்லை என்று பொருள். கீறல் எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் என்பதற்கு லேபிளில் ஒரு வார்த்தை கிடையாது. ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயின் விலையோ அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

என்ஜிசி, பிசிஜிஎஸ் ஆகிய இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் 1 முதல் 70 வரையிலான அளவுகோலில்தான் காசுக்கு எண் தருகின்றன. பழுதில்லாத எக்ஸ்எஃப் காசுக்கு 40 அல்லது 45 விழும். பழுது கண்டால் எண் போய் எழுத்து மட்டும் மிஞ்சும். பிசிஜிஎஸ் கூடவே ஒரு குறியீடும் போடுகிறது: 92 என்றால் சுத்தம் செய்தது, 95 கீறல், 97 மண், ஈரம் போன்றவற்றால் வந்த கெடுதல், 98 பொதுவான சேதம். இந்த 98 ஒரு பெரிய சாக்குப்பை, எதையும் அதில் போடலாம். பெரும்பாலும் ஒரு பழுதை மட்டுமே எழுதுகிறார்கள். தேய்த்து மினுக்கிய காசில் கீறலும் இருந்தால் இரண்டில் ஒன்றுதான் லேபிளில் ஏறும்.

1911 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். மன்னரின் அங்கியில் உள்ள யானைக்குத் துதிக்கை குட்டையாக அமைந்து, பார்க்கப் பன்றி போலிருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம் அளவுக்கே வெளியே போனது. மீதியை உருக்கிவிட்டு, 1912-இல் துதிக்கையை நீட்டி அடித்தார்கள். ஆகவே இந்தக் காசை வாங்குபவர் முதலில் பார்ப்பது யானையைத்தான். மன்னரின் முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் ஒரு கீறல், யானையின் குறுக்கே அதே நீளத்தில் ஒரு கீறல். லேபிள் இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டாவதை ஸ்லாபோடு தந்தாலும் வேண்டாம் என்பேன். வேறு வருடத்தின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி 1911 ஆக்கியிருந்தாலும் யானைதான் காட்டிக்கொடுக்கும். துதிக்கை நீளமாக இருந்தால் அது 1911 அல்ல, பேச்சே இல்லை.

கீறலின் வயதையும் பார்க்க வேண்டும். 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைக் கண்ணாடி), ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்துப் பிடியுங்கள். கீறலின் உட்புறம் சுற்றியுள்ள பரப்பைப் போலவே கறுத்திருந்தால் பழையது, பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளை வெளேர் என்று மின்னினால் புதிது. அல்லது கறுப்பை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

நம் வீட்டுக் காசுகளில் அதிகம் வருவது சுத்தம் செய்த கேஸ்தான். குத்துவிளக்குக்குப் போடும் புளி, வெள்ளித் தட்டுக்குப் போடும் விபூதி, பல்பொடி எல்லாம் ரூபாய்க்கும் போயிருக்கும். புளியின் அமிலம் மேல்பரப்பை லேசாக அரிக்கும், விபூதி மயிரிழைக் கோடுகளை விடும். அச்சிலிருந்து வந்த பளபளப்பு, காசைத் திருப்பத் திருப்ப வண்டிச் சக்கரத்தின் ஆரம் போலச் சுழலும். தேய்த்து வந்த பளபளப்பு அசையாது. கோடுகள் ஒரே திசையில் ஓடினால் துணியால் தேய்த்தது. எழுத்துகளின் ஓரத்தில் உலோகம் ஒதுங்கி மேடு தட்டியிருந்தால் கம்பி பிரஷ் வைத்த மெஷின் வேலை. விற்பவர்கள் நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இதெல்லாம் மறைந்துவிடும், சாய்த்துப் பிடித்த வீடியோ கேளுங்கள்.

ஸ்லாப் வேலையில் இந்த நிறுவனங்கள் உண்மையிலேயே கெட்டி என்றால் அது பற்றவைப்பைப் பிடிப்பதில். வளையம் வைத்துப் பற்றவைத்து, பதக்கமாகப் போட்டுக் கழற்றிய ரூபாய்கள் ஏராளம். கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள். அங்கே 3, 4 மில்லிமீட்டருக்குப் பல்வரிசை மழுங்கியோ அரத்தால் ராவப்பட்டோ இருக்கும். பற்றாசு படிந்த இடம் சாம்பல் நிறமாகத் தனியே தெரியும். தராசும் உதவும். புதுக் காசின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்ந்த காசு அதைவிடக் குறைய வேண்டும். நன்றாகத் தேய்ந்த காசு 11.7 காட்டினால் பற்றாசு ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள்.

ஸ்லாபில் போடாத காசுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. 0.01 கிராம் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுவதும் முக்குங்கள். 91.7 சதவீத வெள்ளி என்றால் 1.13 கிராம் பக்கம் காட்டும். வெள்ளி முலாம் பூசிய செம்பு அதே எடையில் 1.30 காட்டும். பிறகு ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. 100 வருடம் கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. 1911 ரூபாயை கூரியரில் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பும் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கும் காசுக்கும், ஸ்லாபோடு விற்பனைக்கு வருவதற்கும்தான் இந்த விமர்சனம் பொருந்தும்.

அசலா என்ற கேள்விக்கு இந்தச் சேவைக்கு 10-க்கு 9 தரலாம். என்ன விலை கொடுக்கலாம் என்ற கேள்விக்கு 4-க்கு மேல் வராது. காசு நோட்டம் பார்ப்பவரைப் பழந்தமிழில் வண்ணக்கன் என்பார்கள். ஸ்லாப் இருந்தாலும் அந்த வேலை வாங்குபவர் தலையில்தான். பழைய மெல்லிய கீறல், யானை தப்பியிருந்தால், எக்ஸ்எஃப் டீடெய்ல்ஸுக்கு அதற்கு அடுத்த கீழ்த் தரமான விஎஃப் விலை நியாயம். விபூதி மினுக்கலுக்கு விஎஃப் விலைக்கும் ஒரு படி கீழே. பற்றவைத்ததற்கு 1911 என்ற தேதிக்காகக் கொஞ்சம் சேர்க்கலாம். 1918 போன்ற சாதாரண வருடமாக இருந்தால் 10.69 கிராம் சுத்த வெள்ளியின் விலைதான், ஸ்லாப் கட்டணமே தண்டம்.

வாங்கும் முன் லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். போலி ஸ்லாபிலும் எண் அசலாக இருக்கலாம், அதனால் எண் வந்துவிட்டதே என்று நிற்காமல், படம் இருந்தால் கீறலும் கறையும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.