ஆர்டுயினோ ஊனோ ஆர்3: படிக்கிறவர்களுக்கு ஏற்ற போர்டுதான்

எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜி எடுத்து, அதில் கம்ப்யூட்டர் பக்கம் போகிறவர்கள் முதலில் எந்த போர்டு வாங்கலாம் என்று கேட்டால் புரோகிராம் எழுதி எல்இடி, மோட்டார் போன்றவற்றை இயக்க உதவும் இந்தச் சின்ன சர்க்யூட் போர்டைத்தான் தயங்காமல் சொல்வேன். உள்ளே இருப்பது ஏடிமெகா328பி என்ற 8 பிட் சிப், வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், புரோகிராமைச் சேமிக்கும் ஃபிளாஷ் 32 கேபி, அது ஓடும்போது மதிப்புகளை வைக்கும் ரேம் வெறும் 2 கேபி. படிக்கிற காலத்தில் இந்த 2 கேபி நல்லதுதான், ஒரு பெரிய அரே (பல மதிப்புகளின் வரிசை) எழுதினாலே இடம் தீர்ந்துவிடும் என்பதால் எந்த வேரியபிள் எத்தனை பைட் பிடிக்கிறது என்று கணக்குப் பார்த்தே எழுதப் பழகிவிடுவோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, 13-ஆம் பின்னில் (வெளி இணைப்புக்கான முனை) உள்ள எல்இடியை முதலில் டிஜிட்டல்ரைட் என்ற ரெடிமேட் ஃபங்ஷன் கொடுத்து எரியவிட்டு, அப்புறம் அதே வேலையை சிப்புக்குள் அந்தப் பின்னைக் கட்டுப்படுத்தும் போர்ட்பி ரெஜிஸ்டரில் பிட் 5-ஐ நேரடியாக மாற்றிச் செய்து பார்த்ததுதான். நாம் எழுதும் ஒரு வரி எப்படி 5 வோல்ட்டாக வெளியே வருகிறது என்பது அங்கேதான் புரிந்தது.

ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்ப்புக்கு மேல் எடுக்காதீர்கள், அதைவிட அதிகக் கரண்ட் இழுக்கும் மோட்டாரை டிரான்சிஸ்டர் வழியாகத்தான் ஓட்ட வேண்டும். குறை என்றால், புரோகிராமை வரிவரியாக நிறுத்திப் பார்க்கத் தனி டீபக்கர் தேவை. லினக்ஸ் ஓட்டிப் படிக்க நினைப்பவர்கள் வேறு போர்டு பாருங்கள்.