தேதி வாரியாகச் செய்திகள்: ட்ரூபலின் வியூஸ் எப்படி உழைக்கிறது?

செய்திப் பக்கத்தைத் திறந்தவுடன் எந்த நாளில் என்ன நடந்தது என்பது கண்ணில் பட வேண்டும் என்பது என் பிடிவாதம். மேலே ஒரு தேதி, அதன் கீழ் அன்றைய செய்திகள். நான் பார்த்துக்கொள்ளும் தளத்தில் இதைச் செய்துதருவது, இணையதளங்களை உருவாக்கி நிர்வகிக்கும் மென்பொருளான ட்ரூபலில் பட்டியல்களை அமைத்துத்தரும் வியூஸ்.

முன்பு தனியாக நிறுவ வேண்டியிருந்த இந்த மாட்யூல் (கூடுதல் வசதி தரும் நிரல் தொகுப்பு), 2015இல் வெளிவந்த ட்ரூபல் 8 முதல் அதனுடனேயே வருகிறது. நிரல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். தேதிப் புலத்தை, அதாவது ஒவ்வொரு செய்தியின் தேதியும் பதிவாகியிருக்கும் இடத்தை, பட்டியலில் சேர்த்து, அதன் வடிவத்தை நாள், மாதம், வருடம் என்று அமைத்து, பட்டியலில் தெரியாமல் மறைத்து, குழுவாக்கும் புலமாக அதையே தேர்ந்தெடுத்தால் போதும். வடிவத்தில் மணியும் நிமிடமும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு செய்தியும் தனித்தனிக் குழுவாகிவிடும். வடிவத்திலிருந்து நாள் பகுதியை நீக்கிவிட்டால் அதே பட்டியல் மாத வாரியாக மாறும். வருடத்துக்குள் மாதம் என்று இரண்டு அடுக்காகவும் வைக்கலாம். எவ்வளவு வசதி! வரிசையைப் புதியது முதலில் என்று தேதியாலேயே அமைப்பது முக்கியம். இல்லையென்றால் தேதித் தலைப்புகள் முன்பின்னாக வந்து நிற்கும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது பக்கப் பிரிப்பு. தரவுத்தளத்திலிருந்து செய்திகள் வந்து சேர்ந்த பிறகுதான் வியூஸ் அவற்றைக் குழுவாக்குகிறது. பக்கத்துக்குப் பத்து என்று வைத்திருக்கும்போது ஒரே நாளில் பதினான்கு செய்திகள் வந்தால், நான்கு அடுத்த பக்கத்துக்குப் போய், அதே தேதி அங்கேயும் தலைப்பாக நிற்கும். முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் வாசகர் அந்த நான்கையும் பார்க்கவே மாட்டார். பழைய செய்திகளுக்கு நான் விரும்புவது மாதத்துக்கு ஒரு பக்கம். உருவாக்கிய வருடம், மாதம் ஆகியவற்றைச் சூழல் வடிகட்டியாக (பக்க முகவரியில் வரும் மதிப்பைக் கொண்டு பட்டியலைச் சுருக்குவது) வைத்து, பக்கப் பிரிப்பை எடுத்துவிட்டால் எந்த நாளும் உடையாது. இதற்கான மாதிரியாக ‘ஆர்கைவ்’ என்ற தயார் வியூவும் (வியூஸில் அமைத்த பட்டியல்) ட்ரூபலில் இருக்கிறது. முடக்கிய நிலையில் இருப்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை.

எந்தத் தேதியால் குழுவாக்குவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். உருவாக்கிய தேதி என்பது வரைவை முதன்முதலில் சேமித்த நேரம். திங்களன்று எழுதத் தொடங்கி வியாழனன்று வெளியிட்ட செய்தி, யாரும் தேதியைத் திருத்தாவிட்டால், திங்கள்கிழமையின் கீழ் போய் ஒளிந்துகொள்ளும். செய்தித் தளத்தில் இது சிறிய விஷயமே அல்ல. ‘பப்ளிகேஷன் டேட்’ என்ற கூடுதல் மாட்யூல் வெளியிட்ட நேரத்தைத் தனியாகப் பதிந்துவைக்கிறது. அது இல்லாமல் ஒரு செய்திப் பிரிவைத் தொடங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நேர மண்டலமும் அப்படித்தான். பயனர்கள் தங்கள் மண்டலத்தைத் தாங்களே மாற்றிக்கொள்ள அனுமதித்திருந்தால், நள்ளிரவை ஒட்டி வெளியான செய்தி ஒருவருக்கு நேற்றும் இன்னொருவருக்கு இன்றும் ஆகிவிடும். புலத்தின் அமைப்பிலேயே ஒரு மண்டலத்தை நிலையாகக் குறித்துவிடலாம்.

மாதப் பெயர்களின் பட்டியல் மட்டும் போதும் என்பவர்களுக்கு வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு தள மென்பொருளின் ஆர்கைவ்ஸ் பிளாக்கே தாராளம். நாள் வாரியாக, பிரிவு வாரியாக அடுக்க வேண்டியவர்கள் வியூஸுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம்.