துருக்கி ஷாட்கன் வாங்கலாமா? பெரெட்டா, பிரவுனிங்கோடு வைத்துப் பார்த்தால்

ரவை சுடும் இரட்டைக்குழல் ஷாட்கனான பெரெட்டா சில்வர் பிஜன் ஒன்று வாங்கும் பணத்தில் துருக்கியில் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி இரண்டு வாங்கலாம், சில மாடல்களில் மூன்றுகூட வாங்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே வால்நட் கட்டை, அதே மேல்-கீழ் குழல், ரிசீவரில் (குழல் வந்து பூட்டும் நடு உடல்) பூவேலை, பெட்டிக்குள் ஐந்து சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தக் குழல் நுனியில் திருகும் குட்டிக் குழாய்). சொல்லப்போனால் மலிவானதில்தான் பூவேலை தூக்கலாக இருக்கும். அப்படியானால் அந்த மிச்சப் பணம் எதற்குப் போகிறது?

முதலில் ஒரு சிக்கலைத் தீர்த்துவிடலாம். ‘பழைய பெயர்’, ‘புதுச் சரக்கு’ என்ற கோடு அவ்வளவு நேராக இல்லை. பெரெட்டா 1526-லிருந்து இத்தாலியின் கார்தோனேயில் குழல் செய்கிறது, சரி. ஆனால் அமெரிக்கப் பெயரான பிரவுனிங்கின் சிட்டோரி இரட்டைக்குழலைச் செய்வது ஜப்பானின் மிரோகு நிறுவனம். செக் நாட்டுப் பெயரான சி.இசட். முத்திரையோடு விற்ற பல ஷாட்கன்கள் துருக்கியின் கோன்யா மாகாணத்து ஹூலுவில் செய்தவை. ஊர்க்காரர்களே கூட்டுறவு வைத்துத் துப்பாக்கி செய்யும் இடம் அது. பெரெட்டா குழுமத்தின் ஸ்டோகர் எம்3000-கூடத் துருக்கியிலிருந்துதான் வருகிறது. அதனால் பெயரை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

செமி ஆட்டோவில் (ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும் வகை) புதியவர்களான துருக்கிக்காரர்கள் உண்மையாகவே நெருங்கிவிட்டார்கள். இத்தாலியின் பெனெல்லி நிறுவனத்தின் இனர்ஷியா முறைதான் இங்கே அளவுகோல். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், குழலின் பின்வாயை மூடும் போல்ட் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், நடுவிலுள்ள தடித்த ஸ்பிரிங் அழுந்தி விரியும், அந்த வேகத்தில் காலி உறை வெளியேறும். வாயு இல்லை, பிஸ்டன் இல்லை, கரி அவ்வளவாகப் படியாது. காப்புரிமை காலாவதியானதும் துருக்கிப் பட்டறைகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. பாகங்கள் குறைவு என்பதால் கெடவும் அதிகம் இல்லை. இதில் துருக்கியின் ரெட்டாய் நிறுவனம் ஒரு படி மேலேயே போயிருக்கிறது. இனர்ஷியா துப்பாக்கியில் போல்ட்டை மெதுவாக மூடினாலோ எங்காவது இடித்தாலோ போல்ட் தலை முழுதாகச் சுழன்று பூட்டாமல் நின்றுவிடும். விசையை இழுத்தால் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பறவை போயே போச்சு. ரெட்டாய் போல்ட் தலையில் ஒரு முறுக்கு ஸ்பிரிங்கை வைத்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. நகல் எடுத்தவர் மூலத்தைத் திருத்திய கதை! ஒரு விஷயம் மட்டும்: புது இனர்ஷியா துப்பாக்கிக்கு 24 கிராம் லேசான தோட்டாவை முதல் நாளே போட்டுவிட்டு ‘சிக்குகிறது’ என்று திட்டக் கூடாது. முதல் சில பெட்டிகள் கனமான தோட்டா சுட்டுப் பழக்கிய பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

மேல்-கீழ் இரட்டைக்குழலில் கதை வேறு. இங்கே காசு போவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். இரண்டு குழலும் ஒரே புள்ளியில் ரவையைக் கொட்ட வேண்டும். குழல்களைப் பற்றவைக்கும்போது பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய வேலை இது, அவசரத்தில் நடக்காது. சோதிப்பது சுலபம்: 40 கெஜத்தில் பெரிய காகிதம் கட்டி, துப்பாக்கியை மணல் மூட்டையில் சாய்த்து, இறுக்கமான சோக் போட்டு இரண்டு குழலாலும் ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுடுங்கள். இரண்டாவது கொத்து ஒரு சாண் தள்ளி விழுந்தால் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சோக் மாற்றி எல்லாம் அது சரியாகாது.

அப்புறம் கீல். பெரெட்டா 680 வரிசையில் குழல் தொங்குவது ரிசீவரின் இரு பக்கமும் உள்ள சிறு முளைகளில். தேய்ந்தால் ஒரு சுற்றுப் பெரிய முளை மாற்றிப் போடலாம், பூட்டும் கூம்பு முனைகளுக்கும் அப்படியே. அந்தப் பாகம் எத்தனை வருடம் கழித்தும் கிடைக்கும். இதற்குத்தான் பணம்.

நண்பர் ஒருவர் இறக்குமதி இரட்டைக்குழல் ஒன்று வாங்கினார், பெயர் வேண்டாம். சுமார் 1,500 தோட்டா வரை எந்தக் குறையும் இல்லை. பிறகு கீழ்க்குழலின் ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) நுனி உடைந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன், அரிசி நொய் அளவுத் துண்டு. கொண்டுவந்து விற்ற நிறுவனம் அதற்குள் வேறு பட்டறைச் சரக்குக்கு மாறியிருந்தது. நாலு மாதம் காத்திருந்துவிட்டு, கடைசியில் ஒரு மெக்கானிக்கிடம் இரும்புக் கம்பியைக் கடைந்து போட்டுக்கொண்டார். இன்றும் ஓடுகிறது.

எடையையும் தூக்கிப் பாருங்கள். அலுமினிய ரிசீவர் போட்ட லேசான துப்பாக்கி நாள் முழுக்க நடப்பவருக்கு வரம், பறக்கவிடும் களிமண் தட்டுகளை ஒரே நாளில் நூறு சுடுபவரின் தோளுக்கோ தண்டனை. துப்பாக்கிச் சோதனைக்கு விதி வகுக்கும் பன்னாட்டு அமைப்பான சி.ஐ.பி.-யில் துருக்கி உறுப்பு நாடு இல்லை. ஆகவே எஃகு ரவை சுடுவதாக இருந்தால் குழல் எஃகு ரவைக்குச் சோதித்தது என்று காட்டும் லில்லிப்பூ முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். சோக் மரை பெரெட்டாவின் மோபில்சோக் என்ற சோக் வகைக்குப் பொருந்துவதா என்பதையும் கேளுங்கள், பொருந்தினால் பாதித் தலைவலி போச்சு.

என் கணக்கு தோட்டாவை வைத்து. வருடத்துக்கு 200 தோட்டா சுடுபவருக்குத் துருக்கித் துப்பாக்கி தாராளமாகப் போதும். வாரம் நாலு சுற்று, சுற்றுக்கு 25 தட்டு என்றால் வருடத்துக்கு 5,000 தோட்டாவுக்கு மேல். அங்கே மலிவுத் துப்பாக்கி மலிவாக இருக்காது.

ஆனால் புது துருக்கி இரட்டைக்குழலுக்கு உண்மையான போட்டி புது பெரெட்டா இல்லை, அதைவிடக் கொஞ்சம் கூடுதல் விலையில் வரும் பழைய மிரோகுவோ பழைய சில்வர் பிஜனோதான். செமி ஆட்டோவைப் பழையதாக வாங்க எனக்குத் தயக்கம், உள்ளே என்ன பாடுபட்டது என்று வெளியே தெரியாது. இரட்டைக்குழல் அப்படி மறைக்காது. சிட்டோரியை மூடிவிட்டு மேலே திறப்பு நெம்பைப் பாருங்கள். புதிதில் அது வலப்பக்கம் சாய்ந்து நிற்கும், பூட்டு தேயத் தேய நடுவுக்கு வரும். போன மாதம் ஒருவர் காட்டியது என்னைவிட நாலு வயதுதான் இளையது. நெம்பு இன்னும் வலப்பக்கமே நின்றது.