கதிர்வீச்சுக்கு முன் பல் பார்க்கப் போய் 42,500 ரூபாயை இழந்தோம்: நீலகிரியில் இருப்பவர்கள் கவனிக்கவும்

பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று பல் மருத்துவமனையில் நேற்று மாலை கையை விரித்துவிட்டார்கள். புற்றுநோய் சிகிச்சைக்காக மலையிலிருந்து கோவைக்குப் போய்வரும் குடும்பங்கள் எங்களைப் போல ஏமாறக் கூடாது என்பதால் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். கீழ்நாட்டில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு தனியார் பல் மருத்துவமனையின் மலைக்கிளை அது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு அடிநாக்கில் புற்றுநோய். கதிர்வீச்சும், கூடவே வாராவாரம் கீமோ மருந்தும் கொடுக்க வேண்டும் என்று கோவையில் முடிவு செய்தார்கள். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு கொடுத்தால் உமிழ்நீர் வற்றிப் பற்கள் வேகமாகச் சொத்தையாகும் என்றும், தாடை எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவதால் பின்னாளில் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகக்கூடும் என்றும், அந்த ஆபத்து ஆயுள் முழுக்க இருக்கும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆகவே ஆடிக்கொண்டிருந்த வலப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பற்கள் இரண்டையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், எடுத்த இடம் ஆற இரண்டு மூன்று வாரமாவது விட வேண்டும் என்று கடிதமும் கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்றுதான் அந்தக் கிளைக்குப் போனோம்.

அங்கிருந்த மருத்துவர் கடிதத்தைப் படித்தார், அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார், கதிர்வீச்சு தொடங்கும் தேதியைக் கேட்டுச் சிவப்பு மையில் கோப்பின் மேலேயே எழுதி வட்டமிட்டார். "பிடுங்கவே வேண்டாம்மா, அந்தக் காலமெல்லாம் போச்சு, வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் உங்கள் பல் உங்களுக்கே இருக்கும்" என்றார். நோய் தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் எதையாவது எடுக்க வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருக்க, வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னதும் அம்மாவின் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவுக்குத்தான் விலை வைத்தார்கள். 48,000 ரூபாய் ஆகுமாம், அன்றைக்கே மொத்தமாகக் கட்டினால் 42,500 ரூபாயாம். அம்மாவின் நகையை அடகு வைத்த பணம் கையில் இருந்தது, கட்டினேன். ரசீதில் "டென்டல் ஒர்க்" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் எழுதவில்லை.

முதல் நாள் இரண்டு பல்லையும் குடைந்து தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு அந்த மருத்துவரை நாங்கள் பார்க்கவே இல்லை. அவர் வாரம் ஒருமுறை மட்டும் கீழேயிருந்து வருபவர் என்பதே அப்போதுதான் தெரிந்தது. புதன்கிழமை வருவார் என்றார்கள். புதன்கிழமை போனால், மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மரம் விழுந்து வண்டி போகவில்லை என்றார் வரவேற்பில் இருந்த பெண். அதே சாலையில், அன்று காலைதான், நானும் அம்மாவும் மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் ஏறி வந்திருந்தோம்.

இதற்கிடையில் அடைப்பு பெயர்ந்து, பல்லடியில் சீழ் கோத்து, தாடை வீங்கிவிட்டது. கதிர்வீச்சின்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கென்றே அச்சு எடுத்துச் செய்திருந்த வலைக்கவசம் வீக்கத்தில் பொருந்தவில்லை. கோவை மருத்துவர் எங்களைத் திட்டவில்லை, கடிதத்தின் நகலை எடுத்துத் தாம் எழுதிய வரியை மட்டும் விரலால் காட்டினார். கோவையிலேயே இரண்டு பற்களையும் எடுத்தார்கள். புண் ஆறக் காத்திருந்து, கவசத்தை மறுபடி செய்து, கதிர்வீச்சு தொடங்குவது தள்ளிப்போனது. புற்றுநோய்க்காரருக்குத் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் என்ன என்பதை அந்த நிறுவனத்துக்கு யார் சொல்வது?

பணத்தைக் கேட்டபோது, கேப் செய்ய லேபுக்கு அனுப்பியாகிவிட்டது, அதனால் தர இயலாது என்று தலைமை அலுவலகத்தில் சொன்னார்கள். அம்மாவின் பல்லுக்கு அளவே எடுக்கவில்லையே என்றதும் கிளையைக் கேளுங்கள் என்றார்கள். கிளையில் மருத்துவரைக் கேளுங்கள் என்றார்கள். மருத்துவரின் எண் எடுக்கப்படுவதே இல்லை. எக்ஸ்ரே படத்தைக் கேட்டதற்கு, கணினித் திரையைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பினார்கள், அதில் பல்லைவிட டியூப்லைட்டின் வெளிச்சம்தான் நன்றாகத் தெரிகிறது. பற்களும் இல்லை, கேப்பும் இல்லை, 42,500 ரூபாயும் இல்லை.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், நாளை விடியற்காலையில் அம்மாவுடன் கீழே இறங்க வேண்டியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். புற்றுநோய் மருத்துவர் எழுதிக்கொடுத்ததைப் பல் மருத்துவர் மாற்றினால், இருவரும் தொலைபேசியில் பேசும்வரை நாற்காலியில் உட்காராதீர்கள். முழுத்தொகையை ஒருபோதும் முன்பணமாகக் கட்டாதீர்கள், எந்தப் பல், என்ன சிகிச்சை, எந்தத் தேதிக்குள் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கீமோ நடக்கும்போது தொற்றைத் தடுக்கும் வெள்ளணு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு எண்ணிக்கையைப் பார்க்காமல் பல்லைத் தொட விடாதீர்கள். எலும்புக்கு ஜோலெட்ரானிக் அமில ஊசி போட்டிருந்தால் பல் எடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள், அதிலும் தாடை எலும்பு ஆறாத சிக்கல் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ரசீது, கடிதம், சிவப்பு மையில் தேதி எழுதிய கோப்பின் படம் எல்லாவற்றையும் மனுவோடு இணைத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன்.